மலையக ஆசிரியப் பயிற்சி: வாழ்நிலையும் தொழில் ஆயத்தமும்

ஆசிரியரின் தகைமை பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் அவர் பெற்ற சான்றிதழையே நோக்குகின்றோம். அதனைப் பெறுங்காலத்தில் அவர் எங்கே தங்கினார், எதனைக் கொண்டு சீவித்தார், பயிற்சிக்கு முன்னரே வகுப்பறைக்குள் அனுப்பப்பட்டாரா என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. மலையகக் கல்வியின் வரலாற்றை ஆராயுமிடத்து இவ்வினாக்களைத் தவிர்த்தல் இயலாது.

பெருந்தோட்டங்களில் கல்வி, தொழிலாளரின் உரிமையாகத் தோன்றவில்லை. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிசன் சமயப் பணியின் பகுதியாகவே எழுத்தறிவைக் கொண்டுசென்றது. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின் மீது சுமத்தியது. இதனால் ஆசிரியரும் தோட்டத்தின் ஊழியருள் ஒருவரானார். அவரது சம்பளமும் குடியிருப்பும் துரையின் விருப்பிலே தங்கியிருந்தன. பல வகுப்புக்களை ஒரே கூரையின் கீழ் ஒருவரே நடத்தினார். யாழ்ப்பாணத்தில் மிசனரிமாரும் சைவ சபையினரும் ஆசிரிய பயிற்சிப் பாடசாலைகளை நடத்திவந்த காலத்தில், தோட்டப் பாடசாலையிலே பயிற்றப்பட்ட ஆசிரியரைக் காண்பது அரிதாகவே இருந்தது.

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, நாட்டின் ஏனைய பகுதிகளின் சமூக அமைப்பையே அசைத்தது. அதன் பயன் லயன்களை முழுமையாக எட்டுமுன்னரே 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. பிரசாவுரிமை இல்லாதவருக்கு அரச சேவையின் கதவு திறக்கப்படவில்லை. எனவே தொழிலாளர் குடும்பத்து இளைஞர் அரசாங்க ஆசிரியராகும் வழியும் அடைபட்டது. 1960ஆம் ஆண்டில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் தோட்டங்களின் கையிலேயே விடப்பட்டன என்பது மனங்கொள்ளத்தக்கது.

1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களின் பின்னரே தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன. பாடசாலைகள் வந்தன, ஆசிரியர் இருக்கவில்லை. இவ்வெற்றிடத்தை நிரப்பும்பொருட்டு 1980களில் மலையக இளைஞர் பலர் முதலில் நியமனமும் பின்னர் பயிற்சியும் பெற்றனர். முதற் படித்த தலைமுறையினரான இவர்களே அப்பாடசாலைகளைத் தாங்கினர் என்பதை நாம் நன்றியுடன் பதிவுசெய்தல் வேண்டும். ஆயினும் அவர்கள் தொழிலைக் கற்றுக்கொண்ட ஆண்டுகளின் விலையை அவர்தம் மாணவரே செலுத்தினர்.

1986ஆம் ஆண்டின் கல்வியியற் கல்லூரிகள் சட்டம் இவ்வொழுங்கை மாற்ற முனைந்தது. இரண்டு ஆண்டுகள் விடுதியில் தங்கிக் கற்றல், மூன்றாம் ஆண்டில் பாடசாலையிற் கட்டுறு பயில்வு, அதன் பின்னர் நியமனம் என்பதே அதன் முறை. 1990களின் தொடக்கத்தில் ஜேர்மனிய உதவியுடன் பத்தனையில் அமைந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இம்முறையை மலையகத்துக்குக் கொண்டுவந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் குடும்பத்தார் அனைவருடனும் வாழ்ந்த ஒருவருக்கு விடுதி என்பது வெறும் தங்குமிடமன்று. படிப்பதற்கான வெளிச்சமும் நேரமும் சகபாடிகளுடனான விவாதமும் அங்கேயே கிடைக்கின்றன. கற்பித்தலுக்கான ஆயத்தம் விரிவுரை மண்டபத்தில் மட்டும் உருவாவதில்லை.

எனினும் பழைய ஒழுங்கு மறையவில்லை. 2015ஆம் ஆண்டளவில் தோட்டப் பாடசாலைகளுக்கு ஏறக்குறைய மூவாயிரம் ஆசிரிய உதவியாளர் சேர்க்கப்பட்டபோது, தொடக்கத்தில் அவர்களுக்கு வழங்கப்பட்ட மாதப்படி 6,000 ரூபா மட்டுமே. பயிற்சி பின்னரே வந்தது. பேருந்துக் கட்டணம், உணவு, பயிற்சிக்கால விடுதிச் செலவு ஆகியவற்றை எண்ணிப் பார்ப்போர்க்கு, அத்தொகை யாருடைய தோளில் ஏற்றப்பட்ட சுமை என்பது புலனாகும். தேயிலைக் கொழுந்து பறிக்கும் தாயின் நாட்கூலியே ஆசிரியப் பயிற்சிக்கு மானியமாயிற்று.

இவற்றைத் தொகுத்து நோக்கும்போது ஓர் உண்மை தெளிவாகின்றது. மலையக ஆசிரியரின் ஆயத்தக் குறைவெனக் கூறப்படுவது, பயிற்சியை நியமனத்தின் பின்னும் பயிலுனரின் வாழ்வைக் கணக்கின் வெளியிலும் வைத்த கொள்கையின் விளைவாகும். பயிற்சிக் காலத்தின் உணவும் உறைவிடமும் உதவித்தொகையும் கல்விச் செலவின் பிரிக்கவியலாத கூறுகளெனக் கொள்ளப்படும்வரை, தோட்டத்துப் பிள்ளை பெறும் கல்வி சமமான கல்வியாகாது என்பதே எமது துணிபு.