ஆர்ச்சைத் தாண்டினால்: ஒரு ‘இஃப்’பின் கதை

இன்னிக்குக் கொஞ்சம் இலக்கணம், கொஞ்சம் வரலாறு. ரெண்டும் சேர்ந்தா தூக்கம் வரும்னு நினைக்காதீங்க, விஷயம் நம்ம ஊர் அருவியிலதான் ஆரம்பிக்குது.

குற்றாலம் மெயினருவிக்குப் போனவங்களுக்கு அந்தப் பாதுகாப்பு வளைவு தெரியும். நம்ம ஆட்கள் ‘ஆர்ச்’னுதான் சொல்லுவாங்க. சீசன்ல தென்காசி பஸ் ஸ்டாண்டுல நின்னு கேட்டாலும் பதில் இதுதான்: “தண்ணி ஆர்ச்சைத் தாண்டுனா குளிக்க விடமாட்டாங்க.” இந்த ஒரு வாக்கியத்தை இங்கிலீஷ்ல சொல்லச் சொன்னா பத்தாவது படிக்கிற பிள்ளை திணறுது. ‘இஃப் த வாட்டர் வில் கிராஸ்’னு ஆரம்பிக்கும். ஆசிரியர் ‘வில்’லை அடிச்சிடுவார். ஏன் அடிச்சார்னு அவரும் சொல்லமாட்டார், பிள்ளையும் கேக்காது. தண்ணி இன்னும் தாண்டல, இனிமேதான் தாண்டும். அப்ப எதிர்காலம்தானே? பிள்ளையோட கணக்கு நியாயமான கணக்குதான்.

இப்ப அதே பிள்ளை தமிழ்ல என்ன சொல்லுதுன்னு பாருங்க. ‘தாண்டினால்.’ பிரிச்சா ‘தாண்டின்’ கூட ‘ஆல்’. ‘தாண்டினான்’, ‘தாண்டினாள்’ என்பதில் இருக்கிற அதே இறந்தகால வடிவம். ‘வந்தால்’, ‘பெய்தால்’, ‘கேட்டால்’ எல்லாமே அப்படித்தான். நடக்காத ஒன்றை, நடந்து முடிந்த வினையின் உடம்பில் ஏற்றிச் சொல்கிறோம். ஆங்கிலம் எதிர்காலத்தை நிகழ்காலத்தின் உடம்பில் ஏற்றுகிறது. நாம் இறந்தகாலத்தின் உடம்பில் ஏற்றுகிறோம். ‘இஃப்’ பகுதிக்குள் எதிர்கால வடிவத்தை விடக்கூடாது என்பதில் ரெண்டு மொழிக்கும் ஒரே பிடிவாதம். இதை ஒருநாள் வகுப்பில் சொல்லியிருந்தால், எத்தனையோ பேருக்கு அந்த ‘வில்’ போன காரணம் புரிந்திருக்கும்.

நம் பழைய இலக்கணக்காரர்கள் இதைப் பார்க்காமல் இல்லை. தொல்காப்பியம் வினையியலில் வினையெச்ச வாய்பாடுகளை அடுக்கும்போது ‘செயின்’ என்று ஒன்றைச் சொல்கிறது. நன்னூலிலும் அது உண்டு, அங்கே அதை எதிர்காலத்துக்கு உரியதாக வைக்கிறார்கள். வினையெச்சம் என்றால் முடியாத வினை, இன்னொரு வினைக்காகக் காத்திருக்கும் வினை. ‘தாண்டினால்’ என்று நிறுத்திவிட்டால் கேட்பவர் “தாண்டுனா என்ன?” என்பார். அந்தக் காத்திருப்புதான் தமிழ் இலக்கணத்துக்கு முக்கியமாகப் பட்டது. உண்மையா கற்பனையா, நடக்குமா நடக்காதா என்பதை வைத்து அது வினையைப் பிரிக்கவில்லை.

பிரித்தே ஆகவேண்டும் என்ற பழக்கத்தோடு வந்தவர்கள் ஐரோப்பியர்கள். முதல் ஆள் என்ரிகே என்ரிகெஸ், போர்த்துகீசிய ஏசு சபைப் பாதிரியார், 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக் கரையில், புன்னைக்காயலில் இருந்தவர். தமிழின் முதல் அச்சுப் புத்தகங்களில் ஒன்றான, 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ இவர் செய்ததுதான். அதற்கு முன்பே, 1549 வாக்கில், போர்த்துகீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணக் கையெழுத்துப்படி எழுதினார். அவர் கையில் இருந்த அச்சு லத்தீன் இலக்கணம். லத்தீனில் வினைக்கு ‘மனநிலை’ உண்டு: உள்ளதைச் சொல்வதற்கு ஒன்று, ஏவுவதற்கு ஒன்று, விரும்புவதற்கு ஒன்று, ஐயத்துக்கும் நிபந்தனைக்கும் ஒன்று. அந்தப் பெட்டிகளில்தான் தமிழ் வினையை எடுத்து வைத்துப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கையில் படி இருந்தால் படியால்தான் அளப்பான். மீன்பிடிக்கிறவர்களும் முத்துக்குளிக்கிறவர்களும் பேசிய தமிழைக் காதால் கேட்டு எழுதினார் என்பதே பெரிய காரியம்.

பிறகு வீரமாமுனிவர் லத்தீனிலேயே கொடுந்தமிழ் இலக்கணம் எழுதினார். 19ஆம் நூற்றாண்டில் கதை நம் பழைய திருநெல்வேலி மாவட்டத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. 2019இல் தென்காசி தனி மாவட்டம் ஆகும்வரை நாமும் அதில்தான் இருந்தோம். பாளையங்கோட்டையில் ரேனியஸ், சாயர்புரத்தில் ஜி.யு. போப், இடையன்குடியில் கால்டுவெல். மூணு பேரும் தமிழ் வினையோடு மல்லுக்கட்டியவர்கள். ரேனியஸ் ஜெர்மன்காரர், ஆனால் தமிழ் இலக்கணத்தை எழுதியது ஆங்கிலத்தில். அவருடைய தாய்மொழியில் ‘வென்’ என்ற ஒரே சொல் ‘செய்யும்போது’ என்கிற ‘போது’க்கும் ‘ஆனால் / என்றால்’ என்ற நிபந்தனைக்கும் பயன்படும். பழந்தமிழில் ‘செய்தக்கால்’ என்ற வடிவம் அப்படித்தான் இருக்கிறது, ‘கால்’ என்பது அங்கே காலம். செய்கிற வேளை, செய்தால். இன்னிக்கும் பாட்டிமார் “வந்தாக்கா சொல்லு” என்கிறபோது அந்தக் ‘கால்’தான் எட்டிப்பார்க்கிறதோ என்று எனக்குத் தோணும்.

கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் வந்தது. திராவிட மொழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது கற்றுக்கொடுத்தது. அதைச் செய்து பார்க்க நமக்கு லண்டன் வேண்டாம், செங்கோட்டை போதும். 1956 நவம்பர் வரை செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. அங்கிருந்து மலையேறி ஆரியங்காவு போனால் ‘வந்தால்’ ‘வந்நால்’ ஆகிவிடும். கன்னடத்தில் ‘பந்தரே’. மூன்றிலும் உள்ளே இறந்தகால அடி. நம் வாத்தியார் சொல்லாத விதியை மூன்று மொழிகள் சேர்ந்து சொல்கின்றன.

சரி, எதிர்த்திசைக்கு வருவோம். நமக்கு ஆங்கில ‘இஃப்’ எப்படி வந்தது? பெரும்பாலும் ரென் அண்ட் மார்ட்டின் வழியாக. 1930களில் வந்த அந்தப் புத்தகத்தின் ரென், ‘போ ஜெஸ்ட்’ நாவல் எழுதிய அதே பி.சி. ரென்தான், பம்பாய் மாகாணக் கல்வித்துறையில் வேலை பார்த்தவர். அடுத்து 1950களின் கடைசியில் சென்னை மாநிலத்தில் ஒரு பெரிய முயற்சி நடந்தது, ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்று பெயர். பனிப்பந்து உருள உருளப் பெருசாகிற மாதிரி, பயிற்சி பெற்றவர் அடுத்தவருக்குப் பயிற்சி கொடுத்து, தொடக்கநிலை ஆங்கிலம் சொல்லித்தருகிற 27,000 ஆசிரியர்களை எட்டுவது திட்டம். இலக்கண விதி சொல்லாதே, வாக்கிய அமைப்பைத் திரும்பத் திரும்பப் பழக்கு என்பது அதன் கொள்கை. டைப் ஒன்று, டைப் இரண்டு, டைப் மூன்று என்ற எண் போட்ட ‘இஃப்’ வாக்கியங்களும் பிரிட்டிஷ் பாடப்புத்தகங்களில் பரவியது அந்தக் காலகட்டத்தில்தான். ஷேக்ஸ்பியருக்கு டைப் தெரியாது.

இந்த எண்களை நான் பெரிதாக மதிப்பதில்லை. ஆனால் டைப் மூன்று மட்டும் நமக்கு எளிதாக வரவேண்டியது. ‘தெரிந்திருந்தால் வந்திருப்பேன்.’ இரண்டு பக்கமும் ‘இரு’ உட்கார்ந்திருக்கிறது, பாருங்க. ஆங்கிலத்தில் ‘இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்’, அங்கேயும் இரண்டு பக்கமும் ‘ஹேவ்’ குடும்பம். ‘வுட்’ மட்டும் ஒரு பக்கம். நம் பிள்ளைகள் ‘இஃப் ஐ வுட் ஹேவ் நோன்’ என்று இரண்டு பக்கமும் போடுவது இந்தச் சமச்சீர் பழக்கத்தால்தான் என்பது என் ஊகம். அமெரிக்காக்காரர்களும் பேச்சில் அப்படிப் போடுகிறார்கள், அவர்களை யாரும் அடிப்பதில்லை.

சிரமம் டைப் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில். ‘லாட்டரி விழுந்தால் வீடு கட்டுவேன்.’ நம்பிக்கையோடு சொல்கிறானா, சும்மா கனவா? தமிழ் வினை காட்டாது, குரல் காட்டும், முகம் காட்டும். ஆங்கிலத்தில் வினையே காட்டிக்கொடுக்கும். அப்படியானால் தமிழனுக்குக் கற்பனை நிபந்தனை புரியாதா?

வேடிக்கைக் கேள்வி இல்லை இது. 1981இல் ஆல்ஃபிரெட் புளூம் என்ற அமெரிக்க ஆய்வாளர் சீன மொழியைப் பற்றி ஏறக்குறைய இதையேதான் எழுதினார். நடக்காததைக் குறிக்கத் தனி வினை வடிவம் சீனத்தில் இல்லை, அதனால் அப்படி யோசிப்பது சீனர்களுக்குக் கடினம் என்றார். சோதனைக் கதைகளும் கொடுத்துப் பார்த்திருந்தார். 1983இல் டெரி ஆவ் என்ற ஆய்வாளர் அதை மறுத்தார். புளூமின் சீனக் கதைகளே இயல்பான சீனத்தில் இல்லை. இயல்பாக எழுதிக் கொடுத்தபோது ஹாங்காங் மாணவர்கள் சரியாகவே பதில் சொன்னார்கள். கோளாறு மாணவர் தலையில் இல்லை, கேள்வித்தாளில் இருந்தது. நம் ஊரில் ஒரு பிள்ளைக்கு ‘லாஜிக் வராது’ என்று முத்திரை குத்துகிற எந்த ஆங்கிலத் தேர்வையும் நான் இந்தக் கதையை வைத்துத்தான் பார்ப்பேன்.

தமிழில் இந்த ‘ஆல்’ எங்கெல்லாம் புகுந்திருக்கிறது என்பதையும் கவனியுங்க. ‘ஏனென்றால்’ என்பது ‘ஏன் என்று கேட்டால்’. காரணம் சொல்வதே நமக்கு ஒரு நிபந்தனை வாக்கியம். ‘ஆனால்’ என்பதும் ‘ஆகுமானால்’தான், மறுத்துப் பேசுவதற்கும் நாம் ‘இஃப்’பைத்தான் பிடிக்கிறோம். பேச்சில் ‘அவ வந்தா’ என்று சொன்னால் அவள் வந்தாள் என்றும் இருக்கலாம், வந்தால் என்றும் இருக்கலாம். அடுத்த சொல் வரும்வரை தெரியாது. யாரும் குழம்புவதில்லை.

தென்காசி பக்கத்தில் மத்தளம்பாறையில் இப்போது ஜோஹோ அலுவலகம் இருக்கிறது. சுத்துப்பட்டு ஊர்ப் பிள்ளைகள் பலர் அங்கே நாள் முழுக்க ‘இஃப்’, ‘எல்ஸ்’ என்று தட்டிக்கொண்டிருக்கிறார்கள். நிரல்மொழியில் அந்த ‘இஃப்’புக்குக் காலம் கிடையாது, ‘வில்’லும் கிடையாது, ‘வுட்’டும் கிடையாது. ‘எல்ஸ்’ என்பதற்கு ‘இல்லாட்டி’ என்று எங்கள் பக்கம் சரியான சொல் இருக்கிறது.