வாழைக்கனியும் இரண்டு பழைய எச்சரிக்கைகளும்



தலைநகரில் தீபாவளி என்றால், அண்டை வீடுகளிலிருந்து இனிப்புத் தட்டுகள் வந்த வண்ணம் இருக்கும். பேடா, பர்ஃபி, ரசகுல்லா என்று பெயர்கள் பலவாயினும், பெரும்பாலானவற்றுக்கு மூலப்பொருள் பாலே. எங்கள் இல்லத்துச் சிறுமிக்கோ பால் ஒவ்வாது. “இதில் பால் உண்டா?” என்று அவள் ஒவ்வொரு தட்டின் முன்னும் கேட்டுக் கையை இழுத்துக்கொண்ட காட்சி என் மனத்தை வருத்தியது. அவளுக்கேற்ற பண்டத்தைத் தேடியபோது கைகொடுத்தது வாழைப்பழம். அதன் வரலாற்றைப் புரட்டினால், பழைய நூல்கள் இரண்டில் இரண்டு எச்சரிக்கைகள் காணப்படுகின்றன.

முதலாவது, கிரேக்கர் எழுதி வைத்தது. கி.மு. 326-ஆம் ஆண்டை ஒட்டி அலெக்சாந்தர் சிந்து வெளியில் படை நடத்தினான். நீண்டு வளைந்த இனிய கனி ஒன்று வயிற்றுக் கடுப்பை உண்டாக்கியதால், அதனைத் தன் வீரர் உண்ணலாகாது என்று அவன் தடுத்ததாகத் தாவரவியல் அறிஞர் தியோபிராஸ்டஸ் குறிக்கிறார். அக்கனி வாழையே என்பார் சிலர். மா என்பார் வேறு சிலர். ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பின், கி.பி. 77-இல் தம் நூலை நிறைவுசெய்த ரோமானிய அறிஞர் பிளினி, ‘பாலா’ என்னும் இந்திய மரத்தைப் பற்றி எழுதினார். அதன் இலை பறவையின் சிறகு போன்றது. அதன் கனி இந்திய ஞானியரின் உணவு என்பது அவர் கூற்று. இது வாழையே என்று பலரும் கொண்டனர். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1759-இல் ஒருவகை வாழைக்கு ‘மூசா சேப்பியண்டம்’, அதாவது ‘ஞானியரின் வாழை’, எனப் பெயரிட்டதற்கு இச்செய்தியே அடிப்படை. படைவீரனுக்கு விலக்கப்பட்டதாகக் கருதப்பட்ட கனி ஞானிக்கு உணவானது விந்தையன்றோ!

இரண்டாவது எச்சரிக்கை நம் நாட்டினது. பாலோடு சேரத் தகாதவை எனச் சரக சம்ஹிதை அடுக்கும் பொருள்களுள் ‘மோசம்’ எனப்படும் வாழைப்பழமும் ஒன்று. இன்றைய மருத்துவம் இதனை எல்லோருக்குமான விதியாக ஏற்கவில்லை. எனினும், பாலின்றியே வாழைப்பழத்தைச் சுவைக்கலாம் என்ற எண்ணத்தை நமக்கு அது நினைவூட்டுகிறது.

முதல் எச்சரிக்கைக்கு இன்றைய அறிவு ஒரு விளக்கம் தர இடமுண்டு. காயில் நூற்றுக்கு இருபது பங்களவில் இருக்கும் மாவுச்சத்து, நன்கு பழுத்தபின் ஒன்றிரண்டு பங்காகக் குறைந்து சர்க்கரையாகிறது. ஆதலின் அரைகுறையாகப் பழுத்ததைப் பச்சையாக உண்டால் சிலருக்கு வயிறு பொருமும். தோலில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும் வரை பொறுத்திருப்பது நன்று.

நம் ஊர்களில் மூட்டம் போட்டுப் பழுக்கவைப்பதுண்டு. இன்றோ சில வணிகர் கால்சியம் கார்பைடைக் கையாளுகின்றனர். அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகியவை கலந்திருக்கக்கூடும் என்பதால், அதனால் பழுக்கவைத்த பழத்தை விற்பது 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி குற்றம். பழம் இயல்பாகவே வெளியிடும் எத்திலீன் வாயுவை அளவோடு செலுத்த 2016 முதல் இசைவு உண்டு. சீப்பைக் காயாக வாங்கி வீட்டில் பழுக்கவிடுதல் எல்லாவற்றினும் பாதுகாப்பான வழி. தோலை உரிக்குமுன் கழுவுக. சிறுநீரக நோயினர், பொட்டாசியம் மிகுந்த இக்கனியை மருத்துவரைக் கேட்டே உண்ணவேண்டும். நீரிழிவினர் அளவறிந்து உண்ணவேண்டும். ரப்பர்ப் பாலில் செய்த கையுறை ஒவ்வாதவர்களுள் சிலருக்கு வாழைப்பழமும் ஒவ்வாது.

இனிப் பாலில்லாப் பண்டங்களுக்கு வருவோம். கேரளத்தார் பழப் பிரதமனில் ஆவின் பால் சேர்ப்பதில்லை. நேந்திரம் பழத்தை வேகவைத்து மசித்து, வெல்லப்பாகில் கிளறி, இரண்டாம் தேங்காய்ப்பாலில் கொதிக்கவிடுவர். கெட்டியான முதற்பாலை இறக்கும் வேளையில் ஊற்றுவர், அதன்பின் கொதிக்கவிடலாகாது. வழக்கமாகச் சேரும் நெய்க்கு மாற்றாகத் தேங்காயெண்ணெய் போதும். நேந்திரங்காயை வறுத்து, வெல்லமும் சுக்கும் பூசிச் செய்யும் சர்க்கரை வரட்டியும் அவர்கள் தந்ததே. வங்காளத்தில் வாழும் நம்மவர் ‘கொலார் பொரா’வை அறிவர்: மசித்த பழம், மாவு, தேங்காய்த் துருவல், வெல்லம் ஆகியவற்றைப் பிசைந்து எண்ணெயில் பொரிப்பது. குளிர்பெட்டி உடையோர், பழத்துண்டுகளை உறையவைத்து அரைத்தால் ஐஸ்கிரீம் போன்ற ஒன்று கிட்டும், சர்க்கரைகூட வேண்டா.

அத்தீபாவளியன்று பிற்பகல் எங்கள் சமையலறையில் பிரதமன் கொதித்தது. தட்டு அனுப்பிய அண்டை வீட்டாருக்கும் ஒரு கிண்ணம் சென்றது. மறுநாள் அவ்வீட்டு அம்மையார் செய்முறை கேட்டு வந்தார். “இதில் பால் இல்லை” என்று சிறுமியே முந்திக்கொண்டு விளக்கம் சொன்னாள். பிற மாநிலத்தில் வாழ்வோர்க்கு அண்டையாரோடு பகிர்ந்துண்ணும் பண்டமே உறவுக்கு வழி. அந்தப் பந்தியில் பால் ஒவ்வாத குழந்தைக்கும் ஓர் இலை போடுவோமாக.