கொள்ளிவாய்ப் பிசாசு

1/ பகடை உருட்டி ஆடுற கற்பனை விளையாட்டுக்கு, விஷமூச்சு விடும் சதுப்புநிலப் பூதம் ஒண்ணு வேணும்னு தம்பி கேட்டான். தென்காசியில இருந்துக்கிட்டு இதைக் கேக்கலாமாடே? நம்ம ஆச்சிமார் சொன்ன கொள்ளிவாய்ப் பிசாசு இருக்கே!

2/ ராத்திரி குளத்துச் சேற்றுல தெரியுற வெளிச்சம். சேற்று வாயுதான் காரணம்னு ரொம்ப காலமா சொல்றாங்க. 1776ல் இத்தாலியின் மஜோரே ஏரியில் சேற்றைக் கிளறி, குமிழியா வந்த வாயுவைப் பிடிச்சுப் பத்தவச்சார் வோல்டா. எரிந்தது. அதுதான் மீத்தேன்.

3/ பிசாசு இன்னும் சாகலை. செப்டிக் டேங்க்குக்குக் குடிபோயிடுச்சு. கூட்டாளி ஹைட்ரஜன் சல்பைடு. அழுகின முட்டை நாத்தம். அளவு கூடினா மூக்கு மரத்து, நாத்தமே தெரியாது.

4/ உள்ளே ஒருத்தர் மயங்கிட்டா காப்பாத்தக் குதிக்காதீங்க. அடுத்த பிணம் நீங்கதான். 112க்கு போன் போடுங்க. பாதுகாப்புக் கருவி இல்லாம ஆளை இறக்குறது 2013 சட்டப்படி குற்றம்.

விளையாட்டுல செத்தா மறுபடி ஆடலாம். இங்க முடியாது.