தண்ணீரும் ஒரு சுரங்க அறையும்

கம்பம் பள்ளத்தாக்கில் சுரங்கம் என்றால் தண்ணீர்தான். தேக்கடி மலையைக் குடைந்து வரும் பெரியாற்று நீரில் 1895 முதல் நம் வயல்கள் விளைகின்றன.

சென்ற ஆண்டு மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் போனபோது வேறொரு சுரங்கத்தில் இறங்கினேன். ஃபோர்ட் கானிங் குன்றின் அடியில், சுமார் 9 மீட்டர் ஆழத்தில், ஆங்கிலேயர் கட்டிய போர்க்காலத் தலைமையகம் அது. கனத்த கான்கிரீட் சுவர்கள், 20க்கும் மேற்பட்ட சிறு அறைகள்.

1942 பிப்ரவரி 15 காலை ஜெனரல் பெர்சிவல் தம் தளபதிகளை இங்கேதான் கூட்டினார். நீர்த்தேக்கங்கள் ஜப்பானியர் வசமாகிவிட்டன. குண்டுவீச்சில் குழாய்கள் உடைந்து, இருந்த தண்ணீரும் வீணாகிக்கொண்டிருந்தது. பெட்ரோலும் தீரும் நிலை. சரணடைவதென்று முடிவாயிற்று. மாலையில் புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் யமஷிதா முன்னிலையில் கையெழுத்து.

பிரெஞ்சுப் பள்ளியில் மாஜினோ அரண் பற்றிப் படித்தவன் நான். பூமிக்கடியில் அத்தனை கோட்டை கட்டியும், 1940இல் ஜெர்மானியர் பெல்ஜியம் வழியாகச் சுற்றி வந்துவிட்டார்கள். இங்கும் கான்கிரீட் உடையவில்லை, தண்ணீர்தான் கைவிட்டது.

அன்று சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் 40,000க்கும் மேல். முடிவெடுத்த தளபதிகளில் இந்தியர் ஒருவரும் இல்லை. அந்தச் சிப்பாய்களில் என் மாமனாரின் அண்ணனும் ஒருவர், உத்தமபாளையத்துக்காரர். அவர் திரும்பவே இல்லை. "வந்துவிடுவான்" என்று அவருடைய தாயார் இருந்தவரை திதி கொடுக்க விடவில்லை. பிறகு எல்லோரும் மறந்துபோனோம்.

ஊர் திரும்பியதும் மைத்துனரை அழைத்துப்போய் முல்லையாற்றில் அவருக்கு எள்ளும் தண்ணீரும் விடச் செய்தேன்.