வெண்பனியா, மேகமா? செயற்கைக்கோள் படங்களில் பிரித்தறியும் கலை

உலகின் முதல் வானிலைச் செயற்கைக்கோளான டைரோஸ்-1, 1960 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவிலிருந்து ஏவப்பட்டது. அது அனுப்பிய தொடக்ககாலக் கறுப்பு-வெள்ளைப் படங்களிலேயே கிழக்குக் கனடாவில் தரையை மூடிக் கிடந்த வெண்பனி தெரிந்தது. பின்னர் பல ஆண்டுகள் வானிலையாளர்களை அலைக்கழித்த சிக்கலும் அந்தப் படங்களோடுதான் வந்தது. புதிதாகப் பெய்த பனி, தன் மீது விழும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பத்தில் எட்டு ஒன்பது பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். அடர்ந்த மேகமும் ஏறக்குறைய அப்படித்தான். படத்தில் இரண்டும் ஒரே வெள்ளை.

இதைப் பிரித்தறிவது வெறும் ஆய்வு ஆர்வம் அல்ல. சிந்து, சட்லெஜ் போன்ற நதிகளில் வசந்தத்திலும் கோடையிலும் வரும் நீரில் கணிசமான பங்கு பனி உருகி வருவது. மேகத்தைப் பனி என்று எண்ணிக் கணக்கிட்டால் அணைக்கு வரப்போகும் நீர் பற்றிய மதிப்பீடே பிசகிவிடும்.

தொடக்கத்தில் கண்ணும் பொறுமையுமே கருவிகள். மலைநாட்டில் பனி முகடுகளில் தங்கும். பனியில்லாத தாழ்ந்த பள்ளத்தாக்குகள் மரக்கிளைகள் போலக் கறுத்துப் பிரிந்து ஓடும். மேகத்துக்கு அந்த ஒழுங்கு கிடையாது. ஊசியிலைக் காடுகள் பனிக்காலத்திலும் வெண்பரப்பின் நடுவே கருந்திட்டுகளாகத் தெரியும். எல்லாவற்றையும்விட நம்பகமான தடயம் அசைவு: மேகம் நகரும், பனி அங்கேயே கிடக்கும். இதையே ஒரு முறையாக மாற்றி, 1960களின் இறுதியில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஐந்து நாள் படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு புள்ளியிலும் மிகக் குறைந்த வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வந்துபோகும் மேகம் மறைய, பனி மட்டும் எஞ்சியது. ஐந்து நாளும் மேகம் விலகாத இடத்தில் இந்த உத்தி பலிக்கவில்லை.

ஆனாலும் அந்த உழைப்பு வீண்போகவில்லை. வடகோளத்தின் பனிப்பரப்பை வாரந்தோறும் வரைபடமாக்கும் பணி 1966 நவம்பரில் தொடங்கியது. இமயமலைப் பனிக்கும் இந்தியப் பருவமழைக்கும் தொடர்புண்டு என்று வானிலையாளர் ஹென்றி பிளான்ஃபோர்ட் 1884இலேயே எழுதியிருந்தார். யூரேசியாவில் குளிர்காலப் பனிப்பரப்பு அதிகமானால் அடுத்து வரும் பருவமழை குறையும் போக்கு இருப்பதை, 1976இல் ஆய்வாளர்கள் ஹானும் சுக்லாவும் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு காட்டினார்கள். மனிதர்கள் படம் படமாகப் பார்த்துப் பிரித்த பனிக்கணக்கு இல்லையென்றால் அந்த ஆய்வுக்கு அடிப்படையே இருந்திருக்காது.

வெப்பநிலையை வைத்துப் பிரிக்கலாமே என்று தோன்றலாம். உயர மேகங்கள் தரையைவிடக் குளிர்ந்தவை. அங்கே வெப்ப அகச்சிவப்புப் படம் உதவும். ஆனால் கடுங்குளிர்காலத்தில் தாழ்மேகத்தின் உச்சியும் பனித்தரையும் ஒரே வெப்பநிலையில் இருப்பதுண்டு. சில சமயம் தரையே அதிகம் குளிர்ந்திருக்கும்.

உண்மையான திறவுகோல் கண்ணுக்குத் தெரியாத ஒளியில் இருந்தது. ஏறத்தாழ 1.6 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் பனிக்கட்டி ஒளியை வலுவாக உறிஞ்சும். தரையில் கிடக்கும் பனித்துகள்கள் பெரும்பாலும் நூற்றுக்கணக்கான மைக்ரோமீட்டர் பருமன் கொண்டவை. அவற்றுக்குள் நெடுந்தொலைவு ஊடுருவும் ஒளி மீள்வதில்லை. மேகத்தின் நீர்த்துளியோ சுமார் 10 மைக்ரோமீட்டர்தான். ஒளி உறிஞ்சப்படுவதற்குள் சிதறி வெளியே வந்துவிடும். ஆகவே இந்த அலைநீளத்தில் மேகம் வெள்ளையாகவே நிற்க, பனி கறுத்துப்போகிறது. 1973இல் ஏவப்பட்ட ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தின் பல்லலை வருடி இந்த வேறுபாட்டை விண்ணிலிருந்து காட்டியது. 1979இல் அமெரிக்க ராணுவ வானிலைச் செயற்கைக்கோள் ஒன்று, பனியையும் மேகத்தையும் பிரிப்பதற்கென்றே ஓர் உணரியைச் சுமந்து சென்றது.

1982இல் லேண்ட்சாட்-4 இந்த அலைவரிசையைக் கொண்டுவந்ததும் கணினி முறைகள் வளர்ந்தன. பச்சை ஒளியின் பிரதிபலிப்பிலிருந்து 1.6 மைக்ரோமீட்டர் பிரதிபலிப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே பனிக்குறியீடு. 1999 டிசம்பரில் ஏவப்பட்ட டெர்ரா செயற்கைக்கோளின் மோடிஸ் கருவி, அந்த எண் 0.4ஐத் தாண்டினால் பனி என்ற விதியை அடிப்படையாகக் கொண்டு, வேறு சில சோதனைகளையும் சேர்த்து, உலகம் முழுவதையும் அலசியது. டெர்ராவின் இரட்டையான ஆக்வாவில் 1.6 மைக்ரோமீட்டர் அலைவரிசையின் உணரிகள் பெரும்பாலும் பழுதாகிவிட, 2.1 மைக்ரோமீட்டர் அலைவரிசையை நாட வேண்டியதாயிற்று.

குழப்பம் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. உயரத்தில் மிதக்கும் கீற்று மேகங்களும் பனிக்கட்டித் துகள்களால் ஆனவை. அவை பனிபோல நடிக்கும். அவற்றைப் பிடிக்க மோடிஸில் 1.38 மைக்ரோமீட்டர் அலைவரிசை தனியே உண்டு. அந்த ஒளியைக் காற்றிலுள்ள நீராவி விழுங்கிவிடுவதால் தரை மறைந்து உயர மேகம் மட்டும் தெரியும். இரவிலும் துருவக் குளிர்காலத்திலும் சூரிய ஒளியை நம்பும் முறைகள் பயன்படா. நுண்ணலை உணரிகள் மேகத்தையும் இருளையும் ஊடுருவிப் பார்க்கும் என்றாலும், பல கிலோமீட்டர் பரப்பை ஒரே புள்ளியாகத்தான் காட்டும்.

இந்தியாவிடமும் இந்தத் திறன் உண்டு. 2003இல் ஏவப்பட்ட ரிசோர்ஸ்சாட்-1இன் அவிஃப்ஸ் கேமரா, இமயமலைப் படுகைகளின் பனிப்பரப்பை ஐந்து நாளுக்கு ஒருமுறை அளக்க உதவியது. 2013 ஜூலையில் ஏவப்பட்ட இன்சாட்-3டி, 1.6 மைக்ரோமீட்டர் அலைவரிசையில் அரை மணிக்கு ஒருமுறை படமெடுக்கும் வசதியைத் தந்தது. அமெரிக்காவிலோ கணினி இத்தனை வளர்ந்த பின்னும், வடகோளத்தின் அன்றாடப் பனி வரைபடத்தை ஆய்வாளர்களே பல செயற்கைக்கோள்களின் படங்களை ஒப்பிட்டுப் பார்த்து உருவாக்குகிறார்கள்.