வேட்டைநாயும் அடக்கமும்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை நோக்கிச் செல்லும் பெருந்தெரு கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி ஆகிய ஊர்களைக் கடந்து புத்தூரை அடைகின்றது. செம்மண் தோட்டங்களும் வற்றாத நிலாவரைக் கேணியும் அவ்வூருக்கு அணி செய்வன. ஆவரங்காலைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றதும் தோட்டங்கள் மறைய, வல்லை வெளி கண்முன் விரிகின்றது. உவர்நிலமும் நீரேரியும் கலந்து கிடக்கும் அவ்வெளியிலே, வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடதிசை நாடுகளிலிருந்து வரும் நீர்ப்பறவைகள் தங்கி இரை தேடுகின்றன.

துவக்கு ஏந்திய வேடன் இத்தகைய நிலத்தில் எதிர்ப்படும் இடர் யாது? சுடப்பட்ட பறவை ஆழமற்ற நீரிலோ, கால் புதையும் சேற்றிலோ வீழ்கின்றது. மனிதன் அதனை அணுகுவது அரிது. குற்றுயிராய் வீழ்ந்த பறவையோ புல்லிடை ஒளிந்து, ஒருவருக்கும் பயனின்றி மெல்ல மெல்ல மடிகின்றது. சதுப்பு நிலம் உள்ள நாடுகள் எங்கணும் தோன்றிய இவ்விடரே நாய்க்குப் புதியதொரு கல்வியைத் தந்தது. அக்கல்வியின் பெயர் அடக்கம். பாய்வதற்கும் கடிப்பதற்கும் பிறந்த விலங்கு, பாயாதிருக்கவும் கடியாதிருக்கவும் கற்றுக்கொண்ட வரலாறு சிந்தித்தற்குரியது.

தமிழர் வாழ்வில் வேட்டைநாய் மிகப் பழையது. குறிஞ்சிநிலக் கானவர் நாயொடு வேட்டைக்குச் சென்ற செய்தி சங்கச் செய்யுள்களிற் பலவிடத்தும் வருகின்றது. ஞமலி என்பது அக்காலத்தில் நாய்க்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று. தமிழகத்தின் தென்மாவட்டங்கள் இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை முதலிய நாயினங்களைப் பேணி வந்துள்ளன. இவற்றுள் இராசபாளையம் தோளளவில் ஏறத்தாழ 65 முதல் 75 சென்ரிமீற்றர் உயரமுடையது, வெண்ணிற மேனியது, காட்டுப்பன்றி வேட்டைக்குப் பெயர் பெற்றது. இந்திய அஞ்சற்றுறை 2005ஆம் ஆண்டு வெளியிட்ட நாயின முத்திரைகளுள் இதன் உருவும் இடம்பெற்றது. ஈழத்து வன்னிப் பகுதியிலோ உடும்பும் முயலும் பிடிக்க ஊர்நாய்களே துணையாயின.

இந்நாய்கள் யாவும் ஒரு முறையையே அறிந்தவை. இரையைக் காணுதல், துரத்துதல், பற்றுதல் என்னும் மூன்றும் அவற்றின் தொழில். அவற்றின் வாயே படைக்கலம். துவக்கோடு செல்லும் நாயின் தொழில் இதற்கு நேர்மாறானது. படைக்கலம் மனிதன் கையில் இருத்தலின், நாய் தன் வாயைப் படைக்கலமாகக் கொள்ளலாகாது. பறவை எழும்போது அஃது அமர்ந்திருத்தல் வேண்டும். வெடியோசை கேட்டும் இடம் பெயராதிருத்தல் வேண்டும். ஏவிய பின்னரே சென்று, வீழ்ந்ததை நசுக்காது ஏந்தி வந்து தலைவன் கையிற் கொடுத்தல் வேண்டும்.

இவ்வடக்கம் துவக்குத் தோன்றியபின் திடீரெனப் பிறந்ததன்று. ஐரோப்பாவில் வலைகொண்டு பறவை பிடித்த காலத்திலேயே, பறவையின் மணம் அறிந்தவுடன் நிலத்தோடு நிலமாகப் பதுங்கும் நாய்கள் பழக்கப்பட்டன. நாய் பதுங்கிக் கிடக்க, அதற்கு மேலாகவே வலை வீசப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பறக்கும் பறவையைச் சுடும் வழக்கம் பரவியபோது, வலைக்குப் பழகிய நாயே துவக்குக்கும் துணையாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விரைந்து சுடத்தக்க துவக்குகள் வந்தபின், வீழும் பறவைகளின் தொகை பெருகவே, அவற்றைத் தேடிக் கொணரும் நாய்க்குத் தனித்தேவை உண்டாயிற்று.

அத்தேவையை நிறைவு செய்தது வேடர் வளர்த்த நாயன்று என்பது வியப்புக்குரியது. வட அமெரிக்காவின் நியூபவுண்ட்லாந்துத் தீவில், மீனவர் தம் நாய்களைக் கடலில் இறக்கித் தூண்டிற்கயிற்றையும் தப்பிய மீனையும் எடுத்துவரச் செய்தனர். அத்தீவின் நாய்களுள் ஒருவகை மிகப் பெரியது. மற்றொருவகை, சென் ஜோன்ஸ் நாய் எனப்பட்டது, அளவிற் சிறியது. மீன் வாணிகக் கப்பல்களில் இந்நாய்கள் இங்கிலாந்தின் பூல் துறைமுகத்தை அடைந்தன. மாம்ஸ்பரிப் பிரபு முதலாய செல்வர் இவற்றின் நீந்துந் திறனையும் மெல்லிய வாய்ப்பிடியையும் கண்டு, தம் நீர்நிலைகளிற் பறவை எடுக்கப் பழக்கினர். இவ்வழியிற் கிளைத்த லாபிறடோர் இனத்தை இங்கிலாந்தின் நாயினக் கழகம் 1903ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது. இன்று துவக்குநாய் என்றதும் நினைவுக்கு வரும் இனம், ஒருகாலத்தில் வேட்டை மரபுக்குப் புறம்பான மீனவர் நாயாக இருந்தது.

இதற்கு மறுதலையாக நிகழ்ந்ததும் உண்டு. மயிரை விசித்திரமாகக் கத்தரித்து அலங்கரிக்கப்படும் பூடில் நாயைச் செல்வர் மனைகளின் விளையாட்டுப் பொருளென இன்று பலர் கருதுவர். ஆயின் அதன் பேரினம் முற்காலத்தில் நீர்ப்பறவை எடுத்த வேலைநாயாகும். நீந்துதற்கு இடையூறின்றி உடல்மயிரைக் குறைத்து, மூட்டுக்கள் குளிராதிருக்க ஆங்காங்கே மயிரை விட்டமையே அவ்வலங்காரத்தின் தோற்றம் என்பர். வேலை மறந்தது, கோலம் எஞ்சியது.

இலங்கையிலே பெருநாய்களைப் புதுவழியில் வேட்டைக்குப் பழக்கியோருள் தலையாயவர் சாமுவேல் பேக்கர். பிற்காலத்தில் நைல் நதியின் மூலந்தேடிச் சென்று 1864ஆம் ஆண்டு அல்பேட் ஏரியைக் கண்டு புகழெய்தியவர் இவரே. 1848ஆம் ஆண்டு நுவரெலியாவிற் குடியேறிப் பண்ணை அமைத்த பேக்கர், இங்கிலாந்திலிருந்து நரிவேட்டை நாய்களையும் உடன் கொணர்ந்தார். அங்குள்ள பெருவிலங்கு மரை. நன்கு வளர்ந்த கலைமரை 200 கிலோகிராமுக்கும் மேற்பட்ட நிறையுடையது. நாய்கள் சூழ்ந்துகொண்டால் ஆற்றிடை நின்று கொம்பாலும் குளம்பாலும் போரிட வல்லது.

இங்கிலாந்தின் திறந்த வயல்களில் நரியைத் துரத்தப் பழகிய நாய்க்கு, அடர்ந்த மலைக்காடும் ஆழ்ந்த பள்ளத்தாக்கும் புதியவை. பேக்கர் தூய இனங்களையே நம்பியிராது கலப்பினங்களை உருவாக்கினார். நரிவேட்டை நாயும் மோப்பத்திற் சிறந்த இரத்தநாயும் கலந்தவை சுவடு தொடர்ந்தன; விரைநாயின் கலப்புடையவை பாய்ந்து பற்றின. மணிலா இரத்தநாயின் வழிவந்த சிமட் என்னும் பெருநாய் அவர் நூலிற் சிறப்பிடம் பெறுகின்றது. நாய்கள் மரையை மறித்து நிறுத்த, பேக்கர் வேட்டைக்கத்தியோடு சென்று அதனைக் கொன்றார். இலங்கையில் துவக்கும் நாயும் கொண்டு ஆடிய வேட்டையைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். அதில் யானை, எருமை முதலியவற்றுக்குத் துவக்கும், மலைநாட்டு மரைக்கு நாயும் எனத் தொழில் பிரிந்து நிற்பதைக் காணலாம்.

பேக்கரின் அனுபவம் இரு பாடங்களைத் தருகின்றது. நிலமே நாயின் தகுதியைத் தீர்மானிக்கின்றது என்பது முதலாவது. பிறநாட்டிற் பெற்ற புகழ் மலைக்காட்டிற் செல்லவில்லை. இரண்டாவது பாடம் துயரமானது. அடங்காத வீரத்தையே அவ்வேட்டை நாயிடம் வேண்டிற்று. அவ்வீரத்துக்கு விலையாக நாய்கள் பல உயிரிழந்தன. சில மரையின் கொம்பிற்கும் குளம்பிற்கும் இரையாயின; கூட்டம் பிரிந்த சிலவற்றைச் சிறுத்தை கவர்ந்தது. மீனவர் நாயை வளர்த்தோர் விலங்கின் வேகத்தைக் கட்டுப்படுத்தினர். பேக்கர் அதனைக் கட்டவிழ்த்துவிட்டார். ஒருவர் முறையில் நாய் பல ஆண்டு உழைத்தது. மற்றவர் முறையில் ஒரே நாளில் மாண்டொழியவும் கூடியதாயிற்று.

மரபுக்குப் புறம்பான பெருநாய் ஒன்றைத் துவக்கு வேலைக்குப் பழக்குவோர் கைக்கொள்ளும் முறையும் இவ்வுண்மையையே வலியுறுத்துகின்றது. அழைத்தவுடன் வருதலும், ஏவியவுடன் அமர்தலும் முதற்பாடங்கள். துணி சுற்றிய பொய்யிரையை எறிந்து எடுத்துவரச் செய்தல் அடுத்தது. எறிந்தவுடன் ஓடவிடாது, ஏவும்வரை காத்திருக்கச் செய்தலே இதன் உயிர்நாடி. வெடியோசையைத் தொலைவிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக அண்மையிற் கேட்கச் செய்வர். முதல்நாளே அருகில் வெடித்து அஞ்சுவித்த நாயை மீட்பது அரிது. நீரில் இறக்கும்போதும் சரிவான ஆழமற்ற கரையையே தெரிந்தெடுப்பர். தூக்கி எறிதல் தகாது.

பெரிய உடலுக்குத் தனிக் கவனமும் வேண்டும். பெருநாயின் எலும்பும் மூட்டும் முதிர ஒன்றரை ஆண்டுக்கு மேலுஞ் செல்லும். அதற்குமுன் உயரத் தாண்டப் பழக்குதல் கேடு. மனிதனைப்போல் நாய்க்கு உடலெங்கும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே அது வெப்பத்தைத் தணிக்கின்றது. ஆதலின் புத்தூர் போன்ற வெப்பநிலத்தில் அதிகாலையும் அந்தியுமே பயிற்சிக்கு உரிய பொழுதுகள். இவை யாவற்றுக்கும் மேலாக, இனத்தின் இயல்பை ஆசிரியன் உணர்தல் வேண்டும். காவல்நாய் தலைவனை விட்டு அகல மனங்கொள்ளாது. துரத்தும் நாய் குரல் எட்டாத் தொலைவுக்கு ஓடிவிடும். ஒன்றைத் தூண்டவும் மற்றொன்றை நிறுத்தவும் அறிந்தவனே பயிற்சியில் வெற்றி பெறுவான்.

வேட்டையின் காலமோ மாறிற்று. இலங்கையில் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் காட்டுயிர்களுக்கு அரணாயிற்று. 1938ஆம் ஆண்டு சுண்டிக்குளம் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது. பேக்கர் துரத்திய மரை இன்று ஹோட்டன் சமவெளியிற் பாதுகாப்பாக மேய்கின்றது. வல்லை வெளிக்கு வரும் பறவைகளுக்கு வேண்டுவதும் வேடன் அல்லன், காவலனே.

ஆயின் வேட்டை தந்த கல்வி வீணாகவில்லை. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் வடபகுதியிற் கண்ணிவெடி அகற்றும் பணியில் மோப்பநாய்களும் ஈடுபடுத்தப்பட்டன. வெடிமருந்தின் மணத்தை அறிந்தவுடன் நாய் அவ்விடத்தைத் தோண்டலாகாது, தீண்டவும் ஆகாது, அமைதியாக அமர்ந்து காட்டுதல் வேண்டும். வலைக்காலத்து நாய் பறவையின்முன் பதுங்கிக் கற்ற அதே அடக்கம், இங்கு மனித உயிர்காக்கும் அறமாயிற்று. ஓரடி முன்வைப்பின் நாயும் மடியும். அதனை நடத்துவோனும் மடிவான். அஃது அமர்ந்திருந்தமையாலேயே உழவன் தன் தோட்டத்துக்கும் சிறுவர் தம் பள்ளிக்கும் அச்சமின்றிச் செல்லும் நிலை உண்டாயிற்று.

நாயின் பெருமை அதன் உயரத்திலோ, குலத்தின் பெயரிலோ, பற்களின் கூர்மையிலோ தங்கியிருப்பதன்று. வலிமை இயற்கை தந்த கொடை. அவ்வலிமையை உரிய கணத்தில் அடக்கி நிற்றலே கல்வியின் பயன். இது நாய்க்கு மட்டும் உரிய பாடமன்று.