பிரம்மவித்யா: பிரைமார்டியல் ஐ

பிரம்மவித்யா: பிரைமார்டியல் ஐ என்பது சிங்கப்பூரின் ருத்ரா இசைக்குழு 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட இசைத்தொகுப்பாகும். ஹெவி மெட்டலின் உட்பிரிவாகிய டெத் மெட்டலைச் சார்ந்த இது, வேதாந்தப் பொருளை மேற்கொண்டமையால் ‘வேத மெட்டல்’ என்னும் வகையில் வைத்து எண்ணப்படுகிறது.

உருவாக்கம்: 1992இல் தோன்றிய இக்குழு, தன் பெயரையே தாங்கிய முதல் தொகுப்பை 1998இலும், ‘தி ஆரியன் குரூசேட்’, ‘குருக்ஷேத்ரா’ ஆகியவற்றை முறையே 2001, 2003ஆம் ஆண்டுகளிலும் வெளியிட்ட பின்னர், அத்வைத தத்துவத்தை முழுமையாக விளக்கும் முத்தொகுப்பொன்றின் முதற்பகுதியாக இதனை அமைத்தது. பாடகரும் பேஸ் கிதார் கலைஞருமான கதிர், வேதாந்தக் கல்வியில் ஆழ்ந்த ஈடுபாடுடையவர்.

இயல்புகள்: ஆங்கிலப் பாடல்களுக்கிடையே சம்ஸ்கிருத மந்திரங்கள் விரவி வர, அடித்தொண்டையினின்று எழும் உறுமற்குரலும், சுருதி தாழ்த்திய மின்கிதார்களின் கடுமையும், இரட்டைக்கால் முரசின் வேகமும் ஒருங்கே இயங்குகின்றன. ‘அஹம் பிரஹ்மாஸ்மி’ என்னும் பாடல், பிருஹதாரண்யக உபநிஷதத்தின் மகாவாக்கியத்தைத் தலைப்பாகக் கொண்டது.

வரவேற்பும் முக்கியத்துவமும்: மேலைநாட்டு மெட்டல் மரபில் நார்வே முதலிய நாடுகளின் குழுக்கள் தத்தம் புராதன சமயக் கதைகளைப் பாடியதற்கு இணையாக, இந்திய ஞான மரபை அவ்விசையில் நிலைநாட்டியமை ருத்ராவின் தனிச்சிறப்பாகும். சிங்கப்பூர் இசையாய்வாளர் யூஜின் தைரியநாதன், வேத மெட்டலையும் அந்நாட்டுத் தென்னிந்தியச் சமூகத்தையும் இணைத்து ஆராய்ந்துள்ளார். முத்தொகுப்பின் இரண்டாம் பகுதி ‘டிரான்ஸெண்டென்டல் ஐ’ 2009இலும், இறுதிப் பகுதி ‘இம்மார்ட்டல் ஐ’ 2011இலும் வெளிவந்தன.